தட்டிக்கொடுக்கும் பிரசங்கமும் தாங்கிப்பிடிக்கும் சுவிசேஷமும்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம், "இன்னைக்குச் செய்தி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "ரொம்ப ஆறுதலா இருந்துச்சு" என்பார்கள். "என்ன சொன்னாங்க?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கர்த்தர் நம்மளைக் கைவிடமாட்டார்னு சொன்னாங்க" என்பார்கள். உண்மைதான், கைவிடமாட்டார். ஆனால் ஏன் கைவிடமாட்டார்? எதை நம்பி அப்படிச் சொல்கிறோம்? அவருக்கும் நமக்கும் நடுவே என்ன பிரச்சினை இருந்தது, அதை அவர் எப்படித் தீர்த்தார்? அந்த இடத்துக்கு வரும்போது பலருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. சபைக்கு ஒழுங்காக வருகிறவர்கள், காணிக்கை தவறாதவர்கள், ஜெபக்கூட்டத்தை விடாதவர்கள்தான் இவர்கள். குறை அவர்களிடம் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கொஞ்ச காலமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

எந்த மாதிரிப் பிரசங்கத்தைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். "இந்த மாதம் உங்களுக்குத் திறந்த வாசலின் மாதம்." "உங்களை வெட்கப்படுத்தினவர்கள் கண்முன்னே கர்த்தர் உங்களை உயர்த்துவார்." "பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துச் சொல்லுங்கள், இது உன் வருஷம்!" கைதட்டல், ஆமென், கண்ணீர். ஒரு மணி நேரம் பேசிய பிறகும் பாவம் என்ற சொல் வரவில்லை. சிலுவை வந்தாலும் பாட்டில் வந்ததோடு சரி. உயிர்த்தெழுதல் ஈஸ்டருக்குக் காத்திருக்கிறது.

இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அநேகருக்கு ஜனங்கள்மேல் உண்மையான இரக்கம் இருக்கிறது. ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். வட்டி கட்ட முடியாதவர்கள், பிள்ளைக்கு வரன் அமையாதவர்கள், குடிக்கிற புருஷனோடு மல்லுக்கட்டுகிறவர்கள். வாரம் முழுக்க அடிபட்டு வந்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் பாரத்தை ஏற்ற எந்தப் போதகருக்கு மனசு வரும்? ஆகவே தட்டிக்கொடுத்து அனுப்புகிறார்கள். புரிகிறது. ஆனால் அந்தத் தட்டிக்கொடுத்தல் செவ்வாய்க்கிழமை வரைகூடத் தாங்குவதில்லையே, அதுதான் என் வருத்தம்.

ஒரு கடிதமும் ஒரு பொய்த் தீர்க்கதரிசியும்

நம் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. வீட்டுச் சுவரில் ஒரு வசனம் தொங்குவது நல்லதுதான். அந்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11. நமக்குத் தீமையை அல்ல, சமாதானத்தையே கர்த்தர் நினைத்திருக்கிறார் என்று சொல்லும் வசனம். மனப்பாடமாகத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் அபூர்வம்.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவே இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின வசனத்தைப் பாருங்கள்: எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப அழைத்து வருவேன் என்கிறார் கர்த்தர். எழுபது வருஷம்! கடிதம் கிடைத்தபோது வளர்ந்த ஆளாக இருந்தவர்களில் அநேகருக்கு உயிரோடு ஊர் திரும்ப வழியில்லை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லும் கடிதத்தில்தான் அந்த வாக்குத்தத்தம் வருகிறது.

இதற்கு முந்தின 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். அவரும் தீர்க்கதரிசி என்று பேர் எடுத்தவர்தான். தேவாலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், பாபிலோன் ராஜாவின் நுகம் முறியும், கொண்டுபோன பொருள்களும் ஜனங்களும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் பேரால் சொல்கிறார். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறார். அங்கே நின்ற ஜனங்களுக்கு அதைவிட இனிய செய்தி இருந்திருக்குமா?

எரேமியாவின் முதல் பதில் என்ன தெரியுமா? ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார். அவருக்கும் ஜனங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் கர்த்தர் சொல்லாததைச் சொல்ல அவரால் முடியவில்லை. மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதில் இரும்பு நுகம் வரும் என்ற வார்த்தையைத்தான் திரும்பி வந்து சொல்கிறார். அனனியா அந்த வருஷமே, ஏழாம் மாதத்தில் இறந்துபோகிறார்.

அனனியாவின் பிரசங்கத்தை மறுத்து நிற்கிற அந்தக் கடிதத்திலிருந்தே நாம் ஒரு வசனத்தை மட்டும் எடுத்து, அதை அனனியாவின் குரலில் வாசித்துக்கொண்டிருக்கிறோம். இது எனக்குப் பெரிய துக்கமாக இருக்கிறது.

உபாகமம் 28-ம் அப்படித்தான். கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்பது 13-ஆம் வசனம். அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் 14-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி 54 வசனங்களும் கீழ்ப்படியாமையால் வரும் சாபங்கள். அவன் தலையாவான், நீ வாலாவாய் என்றே 44-ஆம் வசனம் சொல்கிறது. இஸ்ரவேலின் சரித்திரத்தில் நடந்ததும் அதுதான். இந்தச் சாபத்தை யார் சுமந்து தீர்த்தார் என்பதற்குக் கலாத்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் பதில் சொல்கிறது: மரத்தில் தூக்கப்பட்ட கிறிஸ்து. உபாகமம் 28-ல் 14-ஆம் வசனத்துக்குமேல் வாசிக்கப் பயந்தால், கிறிஸ்து எதற்காக மரித்தார் என்பதைச் சொல்ல இடமே இல்லாமல் போகிறது.

இந்தக் காற்று எங்கிருந்து அடிக்கிறது?

இந்தத் தட்டிக்கொடுக்கும் பிரசங்கம் நம் மண்ணில் முளைத்ததா? ஓரளவுக்குத்தான். அமெரிக்காவில் நார்மன் வின்சென்ட் பீல் என்ற போதகர் 1952-ல் 'நேர்மறைச் சிந்தனையின் சக்தி' பற்றிய தம் புத்தகத்தை வெளியிட்டார். அது பல லட்சம் பிரதிகள் விற்றது. அவர் வழியில் வந்த ராபர்ட் ஷுல்லர், 1955-ல் கலிஃபோர்னியாவில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கில் ஆராதனையைத் தொடங்கினார். 1970-ல் அவருடைய தொலைக்காட்சி ஆராதனை ஆரம்பமானது. 1980-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளால் 'கிரிஸ்டல் கதீட்ரல்' எழும்பியது. 1982-ல் வந்த தம் புத்தகத்தில், மனிதனுக்குச் சுயமதிப்பை மீட்டுத் தருவதுதான் புதிய சீர்திருத்தம் என்று ஷுல்லர் வாதிட்டார். முதல் சீர்திருத்தத்தில் லூத்தர் பேசிய பாவமன்னிப்பு நின்ற இடத்தில் சுயமதிப்பு வந்து உட்கார்ந்தது.

2010-ல் அந்தச் சபை திவால் மனு கொடுத்தது. கட்டடம் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கைக்குப் போனது. திவாலானதால் போதனை தப்பு என்று நான் வாதாடவில்லை. நல்ல போதனை உள்ள சபைகளுக்கும் கடன் வரும். நான் பார்ப்பது வேறொன்றை. மக்களைச் சந்தோஷமாக உணரவைப்பதே ஊழியம் என்றானபின், அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க என்ன மிஞ்சும்?

இதற்கு ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. கிறிஸ்டியன் ஸ்மித் என்ற சமூகவியலாளர் தம் குழுவினரோடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பதின்பருவத்தினரிடம் அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றி விசாரித்து 2005-ல் ஒரு நூல் எழுதினார். சபைக்குப் போகிற பிள்ளைகளில் அநேகர் நம்பியது சுருக்கமாக இதுதான்: கடவுள் ஒருவர் இருக்கிறார், நாம் நல்லவர்களாக நடந்துகொள்ள வேண்டும், வாழ்க்கையின் நோக்கம் சந்தோஷமாக இருப்பது, பிரச்சினை வந்தால் கடவுளைக் கூப்பிடலாம், மற்றபடி அவர் தூரத்தில் இருப்பார், நல்லவர்கள் பரலோகம் போவார்கள். இதில் இயேசு எங்கே? சிலுவை எங்கே? கிருபை எங்கே? அந்தப் பிள்ளைகள் எதையும் மறுதலிக்கவில்லை. கேட்டதைத்தான் நம்பினார்கள். நம் வாலிபர் கூட்டத்தில் இதே கேள்விகளைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

யாருக்கு வலிக்கிறது?

நல்லதைத்தானே சொல்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் நோயாளிக்கு. ஏழைக்கு. ஜெபித்தும் நடக்காதவர்களுக்கு.

என் பெரியம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது வீட்டுக்கு வந்து ஜெபித்த ஒருவர், "விசுவாசிச்சா சுகம் நிச்சயம்மா, எங்கேயோ ஒரு சந்தேகம் உங்களைத் தடுக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி முழுக்கப் பெரியம்மா தூங்கவில்லை. வலிகூட இரண்டாம்பட்சம். "எங்கிட்ட என்ன குறைன்னு தெரியலையே தம்பி" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஆண்டவரை நேசித்த ஒரு மனுஷியின் கடைசி வாரங்களில் அந்த ஒரு வாக்கியம் போட்ட பாரம் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு ஓய்வுபெற்ற சபை ஐயர் ஒருவர் வந்தார். ரொம்பப் பேசவில்லை. ரோமர் எட்டாம் அதிகாரத்தை வாசித்தார். "அம்மா, உங்க விசுவாசம் பெருசா சின்னதான்னு பார்க்காதீங்க. உங்களுக்காக மரிச்சவர் யாருன்னு பாருங்க. உங்க பாவம் மன்னிக்கப்பட்டாச்சு. இந்தச் சரீரம் எழுந்திருக்கும். நடுவுல இருக்கிறது கொஞ்ச காலம்" என்றார். திருவிருந்து கொடுத்தார். பெரியம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அந்த ஐயர் சுகம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. மரணத்தாலும் பறிக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இறையியல் பள்ளியில் கற்பிக்கும் கேட் போலர், விசுவாசித்தால் சுகமும் செல்வமும் நிச்சயம் என்னும் செழிப்பு உபதேசத்தின் சரித்திரத்தை ஆராய்ந்து 2013-ல் ஒரு நூல் வெளியிட்டவர். இரண்டு வருஷம் கழித்து, 35 வயதில், அவருக்கே நான்காம் கட்டப் புற்றுநோய் என்று தெரியவந்தது. இதையெல்லாம் ஆராய்ந்து எழுதிய தனக்குள்ளேயே, எல்லாம் நன்றாகத்தான் நடக்கும் என்ற அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்று பிறகு எழுதினார். கற்றறிந்தவருக்கே அப்படியென்றால், பீடி சுற்றியும் கடலுக்குப் போயும் பிழைக்கிற நம் ஜனங்களின் நிலை என்ன? கஷ்டம் தீரவில்லையென்றால் உன் விசுவாசம் போதவில்லை என்று கேட்டுக்கேட்டு, கஷ்டத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

ஆறுதலின் அடித்தளம்

ஆறுதலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதம் முழுக்க ஆறுதல்தான். ஏசாயா 40-ஆம் அதிகாரம், தம் ஜனத்தைத் தேற்றும்படி தேவன் கட்டளையிடுவதோடு தொடங்குகிறது. எப்படித் தேற்றவேண்டும்? அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: எருசலேமின் அக்கிரமம் மன்னிக்கப்பட்டது என்று அதனிடம் சொல்ல வேண்டும். தேவன் கொடுக்கச் சொன்ன ஆறுதலின் உள்ளடக்கமே மன்னிப்புதான்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நாலுபேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவர்கள் வந்தது சுகத்துக்காக. இயேசு முதலில் சொன்னது, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று. சுற்றி இருந்தவர்களுக்கு அதிர்ச்சி. பிறகு அவனை எழுந்து நடக்கவும் செய்தார். அவர் சரீரத்தின் தேவையை அற்பமாக எண்ணவில்லை. ஆனால் எது முதலில் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. அந்த மனுஷனின் கால்கள் வயதானபின் மறுபடி தளர்ந்திருக்கும். மன்னிப்பு தளரவில்லை.

1563-ல் ஜெர்மனியில் உருவான ஹைடல்பெர்க் வினாவிடை என்னும் ஞானோபதேச நூலில் 129 கேள்விகள் உண்டு. வருஷத்தின் 52 ஞாயிறுகளுக்கும் பிரித்துப் போதிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதன் முதல் கேள்வி என்ன தெரியுமா? வாழ்விலும் சாவிலும் உனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் எது என்பதுதான்! நான் எனக்குச் சொந்தமானவன் அல்ல, என் பாவங்களுக்காகத் தம் இரத்தத்தைக் கொடுத்த கிறிஸ்துவுக்குச் சொந்தமானவன் என்பது பதிலின் சாரம். இந்த ஆறுதலில் வாழ மூன்று காரியங்கள் தெரியவேண்டும் என்று இரண்டாம் கேள்வி சொல்கிறது: என் பாவத்தின் கொடுமை, அதிலிருந்து எனக்குக் கிடைத்த விடுதலை, அதற்கு நான் காட்டும் நன்றி. மீதி நூல் முழுவதும் இந்த மூன்றின் விரிவுதான். பாவத்தைப் பற்றிப் பேசினால் ஜனங்கள் சோர்ந்துபோவார்கள் என்று நினைக்கிறோம். அந்த நூலை எழுதியவர்கள் ஆறுதலுக்குப் போகும் பாதையாகவே அதைப் பார்த்தார்கள். வியாதி இன்னதென்று தெரியாதவனுக்கு மருந்தின் அருமை எப்படித் தெரியும்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். நரகத்தைக் காட்டி அலறவைத்து, கூட்டம் முடிவதற்குள் கையைத் தூக்கவைப்பதும் இரட்சிப்பின் போதனை ஆகாது. பயமும் ஓர் உணர்ச்சிதான். அதுவும் செவ்வாய்க்கிழமைக்குள் ஆறிவிடும். பெண்களின் நகையையும் உடையையும் வாலிபரின் செல்போனையும் வருஷம் முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பதும் அப்படியே. கிறிஸ்து நமக்காக என்ன செய்து முடித்தார் என்பதை மையமாக வைத்துப் பேசாத எந்தப் பிரசங்கமும், சிரிக்கவைத்தாலும் நடுங்கவைத்தாலும், கேட்கிறவனை அவனுடைய சொந்தப் பலத்தின்மேலேயே விட்டுவிட்டுப் போகிறது.

கூட்டம் குறைந்தால்?

பாவத்தைப் பேர் சொல்லிப் பேசினால் கூட்டம் குறையும் என்ற பயம் நியாயமானதுதான். நம் சரித்திரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகவும் முற்றிலுமாகவும் விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் கொந்தளிப்பு. பலர் சபையைவிட்டே விலகினார்கள். அருமையான கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்தக் கட்டளையை எதிர்த்தவர்களில் ஒருவர்.

கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகிறது. இன்றும் வரன் தேடும்போது சாதி பார்க்கிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பார்க்கிறார்கள். "உன்னைத் தலையாக்குவார்" என்று ஐம்பத்திரண்டு வாரம் சொன்னாலும் இந்தப் பாவத்தின்மேல் ஒரு கீறல்கூட விழாது. அடுத்தவன்மேல் தலையாக இருக்கவேண்டும் என்ற ஆசைதானே சாதியின் வேர்? அதைத் தொடக்கூடியது சுவிசேஷம் மட்டும்தான். நீயும் அவனும் ஒரே அளவுக்குப் பாவிகள், ஒரே இரத்தத்தால் மீட்கப்பட்டவர்கள், ஒரே பாத்திரத்தில் பங்குள்ளவர்கள் என்று அது சொல்கிறது. இதைக் கேட்டு யாராவது எழுந்து போனால் போகட்டும். இயேசு பேசியதைக் கேட்டும் அநேக சீஷர்கள் பின்வாங்கிப் போனார்கள் என்று யோவான் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. போனவர்களைத் திரும்ப அழைக்க அவர் தம் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

போதகர்களே, ஒரு வருஷம் முழுக்க ஒரு நிருபத்தை வரிசையாகப் போதித்துப் பாருங்கள். ரோமரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று அதிகாரங்கள் கசக்கும். பொறுங்கள். அதைத் தாண்டி வந்தவனுக்கு எட்டாம் அதிகாரம் எப்படி இனிக்கும் என்பதை உங்கள் சபையாரின் கண்களிலேயே பார்ப்பீர்கள்.

பெற்றோரே, திடப்படுத்தல் வகுப்பை ஒரு சடங்காக முடித்துவிடாதீர்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, தமிழைக் கற்றுக்கொண்டு முதலில் இறங்கிய வேலைகளில் ஒன்று, லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழில் தருவது. புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வந்தது 1715-ல்தான். அதற்கு முன்பே கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று அடிப்படைகளைச் சொல்லித்தர அவர் அக்கறைப்பட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் போதும். விசுவாசப் பிரமாணத்தின் ஒரு வரியை எடுத்து, "இதுக்கு என்ன அர்த்தம் சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவன் திருப்பிக் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

சபையாரே, நமக்கும் பொறுப்பு உண்டு. நாம் எதற்குக் கைதட்டுகிறோமோ அதுதான் அடுத்த வாரமும் வரும். போதகர் கஷ்டப்பட்டு ஆயத்தப்படுத்தி, நீதிமானாக்கப்படுதல் பற்றிப் பேசின அன்றைக்கு, "செய்தி கொஞ்சம் கனமா இருந்துச்சு ஐயா" என்று சலித்துக்கொள்ளாமல், "இன்னும் சொல்லுங்க ஐயா, புரிஞ்சுக்க ஆசையா இருக்கு" என்று கையைப் பிடித்துச் சொல்லுங்கள். ஒரு போதகருக்கு அதைவிடப் பெரிய பலம் இல்லை. செய்தி கேட்டு முடித்ததும் மூன்று கேள்விகளை மனதில் கேட்டுக்கொள்ளுங்கள். என் பாவத்தைப் பற்றி இன்று என்ன அறிந்தேன்? கிறிஸ்து செய்ததைப் பற்றி என்ன அறிந்தேன்? இந்த வாரம் யாரிடம் வித்தியாசமாக நடக்கவேண்டும்? மூன்றுக்கும் தொடர்ந்து பதில் இல்லையென்றால், பணிவோடு போதகரிடம் போய்ப் பேசுங்கள். முதுகுக்குப் பின்னால் பேசாதீர்கள், நேரில் பேசுங்கள்.

பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து நின்று பேசினபோது, நீங்கள் சிலுவையில் அறைந்த இயேசுவைத் தேவன் ஆண்டவராக்கினார் என்றார். கேட்டவர்களுக்கு இருதயத்தில் குத்திற்று. என்ன செய்யவேண்டும் என்று அவர்களாகவே கேட்டார்கள். மனந்திரும்புங்கள், ஞானஸ்நானம் பெறுங்கள், பாவமன்னிப்பு உண்டு, பரிசுத்த ஆவியின் வரம் உண்டு, இந்த வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது என்றார் பேதுரு. அன்று மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். குத்தின அதே பிரசங்கம்தான் அவர்களைத் தேற்றவும் செய்தது. அந்த அதிகாரத்தின் கடைசியில் அவர்கள் மகிழ்ச்சியோடு அப்பம் பிட்டுச் சாப்பிட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அந்த மகிழ்ச்சி நம் ஜனங்களுக்கும் வேண்டும். அதற்குக் குறைவான எதையும் கொடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்ப நமக்கு உரிமையில்லை.